கொழும்பிலிருந்து காலிக்கு ரயிலில்: 1659இல் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் கப்பலைப் பார்க்கப் போவது எப்படி

"கப்பல் எங்கே மாமா?"

காலிக் கோட்டையின் பழைய பண்டகசாலைக்குள் நுழைந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். மருமகனுக்குப் பத்து வயது. பாய்மரமும் பீரங்கியுமாக ஒரு முழுக் கப்பல் நிற்கும் என்று கொழும்பில் எங்கள் வெள்ளவத்தையிலிருந்தே மனக்கோட்டை கட்டிக்கொண்டு வந்தவன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. "கப்பல் பார்க்கப் போகிறோம்" என்று கூட்டி வந்தது நான்தான்.

ஆகவே இந்த வழிகாட்டியின் முதல் படி, வீட்டிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது. அவொன்ட்ஸ்டர் காலிக் குடாவின் அடியில், மணலுக்குள் கிடக்கிறது. நூதனசாலையில் நாம் பார்ப்பது அங்கிருந்தும் அதைச் சுற்றிய கடலிலிருந்தும் எடுத்த பொருள்களை. அவற்றைப் பார்த்துவிட்டு மதில்மேல் ஏறி, அது கிடக்கும் தண்ணீரைப் பார்க்கலாம். இந்த ஒழுங்கு தெரிந்து போனால் பயணம் ருசிக்கும். தெரியாமல் போனால் என் மருமகனின் முகம்தான்.

முதலில் கப்பலின் கதை

ரயிலில் சொல்ல ஒரு கதை வேண்டும் அல்லவா? இதோ.

அவொன்ட்ஸ்டர் என்றால் ஒல்லாந்த (டச்சு) மொழியில் அந்தி வெள்ளி. பெயர் ஒல்லாந்தம், பிறப்பு ஆங்கிலம். ஜோன் அன்ட் தோமஸ் என்று இருந்து, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்குப் போய் பிளெஸ்ஸிங் ஆகி, 1653இல் ஒல்லாந்தரிடம் பிடிபட்டு மூன்றாம் பெயரோடு ஓடிய கப்பல். ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1658இல். நாகப்பட்டினமும் அதே ஆண்டில்தான் அவர்கள் கைக்குப் போனது. மறு ஆண்டு, 1659 ஜூலை 2ஆம் திகதி, காலித் துறைமுகத்தில் கறுப்புக் கொத்தளத்தின் அருகே நங்கூரமிட்டு நின்றது அவொன்ட்ஸ்டர். ஏற்றவிருந்த சரக்கு என்ன தெரியுமா? பாக்கு. நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் அதே பாக்கு, இந்தியாவுக்குப் போக இருந்தது.

இரவில் நங்கூரம் பிடி விட்டது. கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை. கவனித்தபோது நேரம் கடந்திருந்தது. கப்பல் கரையருகே தரைதட்டி உடைந்து மூழ்கியது. புயலும் இல்லை, போரும் இல்லை. கடமை நேரத்து அலட்சியத்தால் போன கப்பல். ஜூலை மாதம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் காலிக் குடாவுக்கு இரக்கம் கிடையாது. கடலடியில் பாறைகள் வேறு. இரண்டு வருடம் கழித்து, 1661இல், ஹெர்குலிஸ் என்ற இன்னொரு ஒல்லாந்தக் கப்பலும் இதே குடாவில் போனது.

மூழ்கிய இடம் கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆழமும் அதிகமில்லை. மணல் மூடிவிட்டதால் மரம் உக்காமல் தப்பியது. 2001இலிருந்து 2004 வரை இலங்கைத் தொல்லியல் சுழியோடிகளும் ஒல்லாந்து, அவுஸ்திரேலிய நிபுணர்களும் சேர்ந்து அதை அகழ்ந்தார்கள். அதே 2004 டிசம்பர் 26 வந்த சுனாமி கரையில் இருந்த ஆய்வுகூடத்தை வாரிக்கொண்டு போனது. 345 வருடம் கடலுக்குள் பத்திரமாக இருந்து, மேலே கொண்டுவந்த பின் மறுபடி கடலிடம் பறிபோன பொருள்களும் உண்டு. இதைச் சொன்னபோதுதான் மருமகன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

முந்தின வாரமே ஒரு வேலை: கொழும்பு 7இல் ஒரு கல்

இது கட்டாயமில்லை. ஆனால் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இதை விட்டுவிட்டுக் காலிக்குப் போகக் கூடாது என்பது என் பிடிவாதம்.

சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல்கள் கொண்டுவந்த கல்வெட்டு ஒன்று, 1409ஆம் ஆண்டு திகதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். சீனப் பகுதி புத்தருக்குச் செய்த காணிக்கைகளைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபில் எழுதப்பட்டது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயினாருக்கு, அதாவது தேவேந்திரமுனை விஷ்ணுவுக்கு. தென்கோடித் துறைமுகத்தில் வணிகரிடம் பேச வேண்டுமானால் தமிழ் வேண்டும் என்று சீனர்களுக்கு அறுநூறு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. 1911இல் காலியில் அது கண்டெடுக்கப்பட்டபோது வாய்க்கால் ஒன்றுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கிறது.

போகும் வழி எளிது. கொழும்புக் கோட்டை ரயில் நிலையப் பக்கமிருந்து வருபவர்கள் 138 பஸ்ஸில் ஏறிப் பொது நூலகத்தருகே இறங்கி நடக்கலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரர்கள் காலி வீதியில் 100 அல்லது 101 பிடித்துக் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் இறங்கி, அங்கிருந்து ஒரு ஓட்டோ. 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்த வெள்ளை மாளிகை அது, தவறவிட முடியாது. கல்லின் தமிழ் எழுத்து தேய்ந்திருக்கும், வெளிச்சமும் போதாது. பக்கவாட்டில் நின்று பாருங்கள், எழுத்தின் நிழல் விழும். நேரே நின்றால் வெறும் கல்தான் தெரியும்.

எந்த நாள்?

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெற்குக் கரைக்கு நல்ல காலம். மே முதல் செப்டெம்பர் வரை மழையும் காற்றும். ஆனால் ஜூன் ஜூலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்றும் சொல்வேன், அந்தக் கடலைப் பார்த்தால்தான் அவொன்ட்ஸ்டர் ஏன் போனது என்று புரியும். பருவக்காற்று நாளில் அலைத்தூறல் ரயில் ஜன்னலுக்குள் வரும். கண்ணாடி போட்டவர்கள் துடைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

நீண்ட வார இறுதியைத் தவிருங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் கொழும்பே ஊருக்குக் கிளம்பும், காலி ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. சாதாரண வார நாளில், காலையில் தெற்கே போகும் ரயிலுக்கு நெரிசல் குறைவு. அலுவலகக் கூட்டம் முழுவதும் எதிர்த்திசையில் கொழும்புக்கு வந்துகொண்டிருக்கும்.

நூதனசாலை திறந்திருக்கிறதா என்பதை முந்தின நாள் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். விடுமுறை நாட்களில் நம்பிப் போகாதீர்கள். ரயில் நேரத்துக்கு 1919, அரசாங்கத் தகவல் நிலையம். தமிழிலும் பதில் சொல்வார்கள். நேர அட்டவணை அவ்வப்போது மாறுவதால் நான் இங்கே நிமிடக் கணக்குத் தரப்போவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "காலை எட்டரைக்கு முன் கோட்டையிலிருந்து காலிக்குக் கடுகதி எத்தனை மணிக்கு? அது காலியோடு நிற்குமா, மாத்தறை பெலியத்தைக்குப் போகுமா?" இரண்டாம் கேள்வி ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன், அதற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன்.

வீட்டிலிருந்து கோட்டைக்கு

வெள்ளவத்தைக்காரருக்கு இங்கே ஒரு சபலம் வரும். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஸ்டேஷன். கடலோரத் தண்டவாளம். காலி ரயில் அந்த வழியாகத்தானே போகிறது, ஏன் வடக்கே கோட்டைக்குப் போய் மறுபடி தெற்கே வர வேண்டும்?

இரண்டு காரணம். கடுகதிகள் எல்லாம் வெள்ளவத்தையில் நிற்பதில்லை. நிற்கிற ரயிலிலும் கோட்டையில் ஏறியவர்கள் இருக்கை பிடித்திருப்பார்கள். நான் முதல்முறை வெள்ளவத்தையில் ஏறி பாணந்துறைக்கு அப்பால் வரை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆகவே காலி வீதியில் 100 அல்லது 101 பஸ் பிடித்துப் புறக்கோட்டை போங்கள். விடியற்காலையில் அரை மணிக்கூடு. அல்லது கோட்டைக்குப் போகும் சாதாரண ரயிலிலேயே போய், அங்கே மாறி, உங்கள் வீட்டைக் கடந்து திரும்பி வாருங்கள். அம்மம்மா கேட்டால் சிரிப்பார். சிரித்தாலும் இருக்கை கிடைக்கும்.

கோட்டை நிலையத்தில்

வெளியே ஒல்கொட் சிலை. உள்ளே போனதும் டிக்கெட் ஜன்னல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு ஜன்னல், வகுப்புக்கு ஏற்பவும் பிரிவு இருக்கும். மேலே உள்ள பலகையை வாசிக்காமல் நீளமான வரிசையில் நின்றுவிட்டு, முன்னால் வந்ததும் "அங்கே போங்க" என்று கேட்பது எல்லோருக்கும் நடக்கும் சோகம். "காலி, இரண்டாம் வகுப்பு, இரண்டு" என்று சொன்னால் போதும். சில்லறை வைத்திருங்கள்.

மூன்றாம் வகுப்பா, இரண்டாம் வகுப்பா? விலை வித்தியாசம் பெரிதல்ல, இருக்கை கொஞ்சம் மெத்தென்று இருக்கும். முன்பதிவு இருக்கை சில ரயில்களில் மட்டும். காலிக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். முன்பதிவு இல்லாத டிக்கெட் இருக்கையை உறுதி செய்யாது, அது வண்டியில் ஏறும் உரிமை மட்டும்தான். அதனால் அரை மணி முன்பே மேடையில் நில்லுங்கள்.

எந்த மேடை என்று அறிவிப்பு மூன்று மொழியிலும் வரும். தமிழ் கடைசியில் வரும், அதற்குள் ரயிலும் வந்துவிடும். மேடையில் நிற்கும் சீருடைக்காரரிடம் "காலி?" என்று ஒரு சொல் கேட்டால் விரலால் காட்டிவிடுவார்.

ஏறியதும் வலப்பக்கம். ரயில் தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ரயிலுக்குள்

தூரம் 116 கிலோமீற்றரை ஒட்டி. கடுகதியில் இரண்டரை மணி நேரத்தை ஒட்டியும் சாதாரண ரயிலில் மூன்றைத் தாண்டியும் ஆகும்.

கொள்ளுப்பிட்டியிலிருந்தே கடல் கூட வரும். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை. கல்கிசைக்கு அப்பால் ஊருக்குள் புகுந்து, பாணந்துறை, களுத்துறை தெற்கு, அளுத்கமை, பெந்தோட்டை, அம்பலாங்கொடை, ஹிக்கடுவை, காலி. களுத்துறையில் களு கங்கைப் பாலம் வரும்போது பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள்.

இந்தத் தண்டவாளம் காலிக்கு வந்தது 1894இல், மாத்தறைக்கு 1895இல். அதற்கு முன் காலியே இலங்கையின் முதன்மைத் துறைமுகமாக இருந்தது, நீராவிக் கப்பல்கள் நிலக்கரி எடுக்க அங்கேதான் நின்றன. 1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நட்டார்கள், 1885இல் முடித்தார்கள். கப்பல்கள் கொழும்புக்கு மாறின. ஆகக் கப்பல்கள் போன பிறகுதான் காலிக்கு ரயில் வந்தது. துறைமுகம் தூங்கிப்போனதால்தான் காலிக் கோட்டை இடிபடாமல் தப்பியது என்பது என் கணிப்பு.

அளுத்கமையை ஒட்டி இறால் வடைக்காரர் ஏறுவார். பிரம்புக் கூடை தோளில், மேலே ஒரு துணி. "வடே வடே வடே" என்று ஒரே மூச்சில் மூன்று தரம். பருப்பு வடையின் மேல் ஒரு முழு இறால், தலையும் மீசையுமாக, எண்ணெயில் சிவந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய கொப்பித் தாளில் சுற்றி, நறுக்கிய வெங்காயமும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார். எனக்குக் கிடைத்த தாளில் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பாடம், மூன்று சரி, ஒன்று பிழை. சைவக்காரர் கடலைக்காரருக்காகக் காத்திருக்கலாம், அவரும் வருவார். தண்ணீர் போத்தல் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

அம்பலாங்கொடை கடந்து ஹிக்கடுவைக்கு முன், பெரலிய. 2004 டிசம்பர் 26 காலையில் கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் போன சமுத்திரதேவி அங்கே நின்றபோதுதான் அலை வந்தது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். உலகின் மிகப் பெரிய ரயில் விபத்துகளில் ஒன்று. இழுத்துச் சென்ற எஞ்சின் 591, மனிட்டோபா என்று பெயர், கனடா தந்தது. பின்னர் அதைத் திருத்தி மீண்டும் ஓட்டினார்கள். அந்த இடத்தில் பெட்டிக்குள் பேச்சு கொஞ்சம் அடங்கும். தெரிந்தவர்கள் வெளியே பார்ப்பார்கள், தெரியாதவர்கள் அவர்களைப் பார்ப்பார்கள்.

மருமகன் இத்தனைக்கும் இடையில் மூன்று தரம் பெட்டி மாறி ஓடினான். "சரியான எம்டன்" என்றார் அம்மம்மா. எம்டன் என்றால் என்ன என்று அவன் கேட்க, அதுவும் கப்பல்தான் என்று சொல்லவேண்டி வந்தது. 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசித் தாக்கிவிட்டு நழுவிய ஜெர்மன் போர்க்கப்பல். அன்றிலிருந்து சூட்டிகையான ஆளுக்கு அதுதான் பெயர். அம்மம்மாவுக்கே அது கப்பலின் பெயர் என்று அன்றுதான் தெரியும்.

காலியில் இறங்குவது: இங்கேதான் கவனம்

காலி நிலையத்தில் தண்டவாளம் முட்டி நிற்கும். மாத்தறைக்குப் போகிற ரயில் உள்ளே வந்து, எஞ்சின் மறுமுனைக்கு மாறி, வந்த திசையிலேயே வெளியேறித்தான் போக வேண்டும். அதனால் சிறிது நேரம் நிற்கும். நான் இரண்டாம் முறை போனபோது நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ரயில் பின்பக்கமாக ஓடுகிறது. கொழும்புக்குத் திரும்புகிறோம் என்றே நினைத்தேன். பக்கத்தில் இருந்த அம்மா "மாத்தற, மாத்தற" என்று சிரித்தார். வெலிகமையில் இறங்கி, காலிக்குப் பஸ் பிடித்துத் திரும்பிய நேரத்தில் காலைப்பொழுது போய்விட்டது. காலியோடு நிற்கிற ரயில் கிடைத்தால் அதை எடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

பஸ்ஸில் போவதென்றால்

வேகம்தான் முக்கியம் என்றால் ஹைவே பஸ். கொட்டாவைக்குப் பக்கத்து மாக்கும்புர பன்முகப் போக்குவரத்து நிலையத்திலிருந்து காலி பஸ்கள் புறப்படும். ஹைலெவல் வீதியில் போகும் 138 வரிசைப் பஸ்களில் கொட்டாவை, ஹோமாகமைக்குப் போகிறது எதுவானாலும் உங்களை அந்தப் பக்கம் சேர்க்கும், மகரகமையோடு நிற்பதில் மட்டும் ஏறாதீர்கள். களனிவெளிப் பாதை ரயிலிலும் போகலாம், நிலையத்தோடு ஒட்டி ஒரு தரிப்பிடம் இருக்கிறது. ஹைவே பஸ்ஸில் நின்று பயணம் கிடையாது, இருக்கை நிறைந்தால் அடுத்தது. ஏறிய பின் காலிக்கு ஒரு மணி நேரம், சற்றுக் கூடலாம். ஆனால் மாக்கும்புரவுக்குப் போகும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். வெள்ளவத்தையிலிருந்து காலை நெரிசலில் அதுவே ஒரு மணியை விழுங்கிவிடும். கடலும் தெரியாது, வடைக்காரரும் வரமாட்டார்.

காலி வீதி வழியே போகும் பழைய சாதாரண பஸ்ஸும் உண்டு. ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று போகும். இடுப்பு வலி இல்லாதவர்களுக்கு.

நிலையத்திலிருந்து பழைய வாசலுக்கு

ரயில் நிலையமும் பஸ் நிலையமும் அருகருகே. வெளியே வந்ததும் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். தேவையில்லை. தலையை உயர்த்தினால் மதில்மேல் மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும், அதை நோக்கி நடங்கள். கிரிக்கெட் மைதானத்தைக் கடந்தால் மதில். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. வயதானவர்கள் இருந்தால் மட்டும் ஓட்டோ, ஏறுமுன் விலை பேசிக்கொள்ளுங்கள்.

மதிலின் முன்னால் வழி பிரியும். எதிரே தெரிவது பிரதான வாசல், 1873இல் ஆங்கிலேயர் திறந்தது. எல்லோரும் அதற்குள்தான் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். இடப்பக்கம் திரும்பி, மதிலை ஒட்டித் துறைமுகப் பக்கமாக நடந்தால் பழைய வாசல் வரும். கப்பல்காரர்கள் கோட்டைக்குள் வந்த வழி அது. வெளிப்பக்கம் பிரித்தானிய அரச சின்னம். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம்: இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், கீழே 1669. ஆட்சி மாறியபோது வெளியே பெயர்ப்பலகையை மாற்றியவர்கள் உள்ளே மாற்ற மறந்துவிட்டார்கள் போலும்.

அந்த வாசல் குடைந்து போகும் நீண்ட கட்டடம்தான் ஒல்லாந்தரின் பெரிய பண்டகசாலை. கடல்சார் தொல்லியல் நூதனசாலை அதற்குள் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: கோட்டைக்குள் காலி தேசிய நூதனசாலை என்று வேறொன்று, தேசிய சமுத்திர நூதனசாலை என்று இன்னொன்று. வழி கேட்கும்போது வெறுமனே "மியூசியம்" என்றால் எங்காவது அனுப்பிவிடுவார்கள். பழைய வாசல் என்று கேளுங்கள்.

தமிழிலேயே கேட்கலாம். கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக வாழும் முஸ்லிம் குடும்பங்களின் வீட்டுமொழி தமிழ். நாங்கள் வழி தவறி நின்றபோது ஒரு முதியவர் திண்ணையிலிருந்தே "எங்கே போகணும் மகன்?" என்று கேட்டார்.

உள்ளே

உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் நுழைவுக் கட்டணம் வேறு வேறு. அடையாள அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சொந்தக்காரர் கூட வந்தால், அவருக்குக் கூடுதலாகும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று "நானும் இலங்கைதானே" என்று வாதாடுவது யாருக்கும் அழகில்லை.

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சுவர் உயரம், ஜன்னல் சிறிது, வெக்கையில் வந்தவருக்கு உள்ளே குளுமையாக இருக்கும். பீரங்கி, நங்கூரம் என்று பெரியவற்றிடம் எல்லோரும் படம் எடுப்பார்கள். நான் நிற்பது சின்னப் பொருள்களிடம். சாடிகள், புகைக்குழாய்கள், கப்பல் கயிறு. கயிற்றைக் குனிந்து பாருங்கள். கறுத்துப்போன அந்தத் துண்டில் மூன்று இழையும் முறுக்கு மாறாமல் இருக்கும். கடலடி மணலில் காற்றுப் புகாததால் உக்கவில்லை. பிழிந்து காயவைத்தால் நாளைக்கே கிணற்றில் கட்டலாம் போல. "இது அந்தக் கப்பல் கயிறா?" என்று மருமகன் கேட்டது அங்கேதான். முகத்திலிருந்த ஏமாற்றம் அப்போதுதான் கலைந்தது. நங்கூரம் நழுவிய கதையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.

படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். எங்களிடம் பிளாஷ் வேண்டாம் என்றார்கள்.

மதில்மேல்

வெளியே வந்து நீதிமன்றச் சதுக்கத்து மரநிழல் வழியாகக் கடல்பக்க மதிலுக்குப் போங்கள். கறுப்புக் கொத்தளத்தைக் கடந்து வெளிச்சவீடு வரை நடந்தால், இடப்பக்கம் முழுக்கக் காலிக் குடா. வெளிச்சவீடு இப்போது நிற்பது 1939இல் கட்டியது, எதிரே மீரான் பள்ளிவாசல். இங்கே நின்று திரும்பி நகரக் கரையைப் பாருங்கள். மீன்பிடி வள்ளங்கள் கிடக்கும் அந்தக் கரையோரத் தண்ணீருக்குள்தான் அவொன்ட்ஸ்டர். அடையாள மிதவை எதையும் தேடாதீர்கள், வெறும் தண்ணீர்தான். வெயில் கடுமை, தொப்பி இல்லாமல் மதிலில் ஏறாதீர்கள். மதில் விளிம்பில் தடுப்பு கிடையாது, பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

சாப்பாடு கோட்டைக்குள் சுற்றுலா விலை. பஸ் நிலையப் பக்கம் வந்தால் சோறும் மூன்று கறியும் நியாய விலைக்குக் கிடைக்கும். கழிப்பறையை நூதனசாலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவது

காலையில் இறங்கியதுமே நிலைய ஜன்னலில் பின்னேர ரயில்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காலியிலேயே புறப்படுகிற ரயில் இருந்தால் அதுதான் நல்லது, பெலியத்தையிலிருந்து வருவது நிறைந்தே வரும். பிந்திவிட்டால் பதற வேண்டாம், பஸ் நிலையத்திலிருந்து மாக்கும்புரவுக்கு ஹைவே பஸ் இருக்கிறது, அங்கிருந்து மறுபடி ஹைலெவல் வீதிப் பஸ்.

வடக்கே வரும்போது கடல் இடப்பக்கம். சூரியன் ஜன்னலுக்கு நேரே இறங்கும், பாணந்துறை வரை கண் கூசும், அதன் பின் குளிரும். கல்கிசையைத் தாண்டிக் கடல் மறுபடி ஒட்டி வந்தபோது அலையின் மேலே ஒரே ஒரு வெள்ளி தெரிந்தது. மருமகன் என்னைத் தட்டி "அவொன்ட்ஸ்டர்" என்றான்.

கடுகதியில் வந்தால் வெள்ளவத்தையில் நிற்குமா என்று ஏறுமுன்பே கேளுங்கள். நிற்காவிட்டால் கோட்டைக்குப் போய்த் திரும்ப வேண்டும், அதற்குள் பசி வந்துவிடும். அப்புறம், டிக்கெட்டை எங்காவது எறிந்துவிடாதீர்கள், வெளியேறும் வாசலில் வாங்கிக்கொள்வார்கள். எங்களவன் காலியில் வாங்கிய அட்டை டிக்கெட்டை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டைப் பைக்குள் ஒளித்துவிட்டான். வாசலில் இரண்டு நிமிடம் பேரம். கடைசியில் கொடுத்துவிட்டு, வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.